மூன்று மாதத்தில் நான்கு தோல்

மூன்று மாதத்தில் நான்கு தோல் கிழிந்துவிட்டது. தோல் என்பது பேச்சுக்குத்தான். டிரம்மில் இப்போது பூட்டுவது வெறும் பிளாஸ்டிக். நான்காவது தோல் கச்சேரி நடுவில், அத்தனை பேர் பார்க்கக் கிழிந்தது. குழுவின் பாடகனும் தலைவனும் டிரம்ஸ்காரருடைய மனைவியின் தம்பிதான். மேடையை விட்டு இறங்கியதும் ஒரே போடாகப் போட்டான்:

“மாமா, ஞாயித்துக்கெழமையும் கிழிஞ்சா வேற ஆள் பாத்துக்குவேன். தப்பா நெனக்காதீங்க.”

தப்பாக நினைக்காமல்? இருபது வருஷம் இவர் பின்னால் உட்கார்ந்து அடித்ததால்தானே அந்தப் பயல் முன்னால் நின்று பாடுகிறான்!

அதுவும் தோலைப் பார்த்துக்கொள்வதில் இவரை மிஞ்ச ஆள் கிடையாது. வாசித்து முடித்ததும் ஈரத்துணியால் துடைப்பார். வெயிலில் நிற்கிற வண்டிக்குள் விட்டு வைக்க மாட்டார். நுனி பிசிறிய குச்சியைத் தொடவே மாட்டார். புதுத் தோல் மாட்டினால் எதிரெதிர்த் திருகுகளாகப் பார்த்து மாற்றி மாற்றி முடுக்குவார். பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு செய்ததில்லை என்று மனைவி சொல்லிக்காட்டுவாள். உண்மைதான், பாவம் அந்தப் பிள்ளை.

சனிக்கிழமை காலை அவர் ஐந்தாவது தோலை மாட்டிக்கொண்டிருந்தார். தையல்காரியான மனைவி கிழிந்த தோலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“ஏங்க, நடுவுல ஒரு குழிகூட இல்லயே. அடிச்சுக் கிழிஞ்சா நடுவுலதான கிழியணும்? இது ஓரத்துல விட்டிருக்கு. சின்னதாப் போன சட்ட அக்குள்ல விடுமே, அந்த மாதிரி.”

“உன் சாமர்த்தியத்த மெஷினோட வச்சுக்க,” என்று அவர் திருகு முடுக்கும் சாவியைத் திருகினார். விரலால் தட்டினார். மறுபடி திருகினார்.

“போதுங்க. காது கூசுது.”

“இன்னும் ஏறவே இல்லடி. மந்தமாக் கெடக்கு.”

“மந்தமாவா? கீச்சுனு கத்துதுங்க!”

கிண்டல் செய்கிறாளோ என்று நிமிர்ந்தார். அவள் முகத்தில் கிண்டலே இல்லை.

“வாசல் மணி அடிச்சா எந்திரிக்கவே மாட்டீங்களே,” என்றாள் மெதுவாக. “திமிருன்னுல்ல நெனச்சு சண்ட போட்டேன்.”

அவருக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. கூர்மையான சத்தம் காதில் விழவில்லை. விழட்டும் என்று முடுக்கிக்கொண்டே போயிருக்கிறார். தோல் தாங்குகிறவரை தாங்கிவிட்டுக் கிழிந்திருக்கிறது. தோலுக்கு அவ்வளவு பார்த்தவர் காதில் ஒரு நாளும் பஞ்சு வைத்ததில்லை.

அவள் சாவியை வாங்கினாள். தட்டிக் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு திருகாகத் தளர்த்தினாள். “இப்ப அடிங்க.”

அடித்தார். அவருக்குத் தலையணையை அடித்தது போல இருந்தது. அவள் முகமோ மலர்ந்துவிட்டது.

“இப்படியே நாளைக்கு வாசிச்சுருங்க. தம்பிக்குத் தெரிய வேணாம்.”

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மேடையில் ரெண்டாவது பாட்டுக்குள் தன் கை தானாகச் சாவியைத் தேடும் என்று அவருக்குத் தெரியும். போனை எடுத்தார்.

“மச்சான், தோல் மேல தப்பில்ல. எனக்குத்தான் காது போயிட்டிருக்கு. வேற ஆள் பாத்துக்கப்பா.”

மறுமுனையில் ஏதோ முணுமுணுப்பு. ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. போனை மனைவியிடம் நீட்டினார். கேட்டவளுக்குக் கண் கலங்கியது.

“என்னடி சொல்றான்?”

“அப்போ நான் பாடுறதும் மாமாவுக்குக் கேக்கலயான்னு கேக்குறான்.”

டிரம்ஸ்காரர் குச்சிகளை எடுத்து உறையில் போட்டார்.

“ஸ்பீக்கர்தான் கோளாறுன்னு நெனச்சேன்னு சொல்லு,” என்றார். “ரெண்டு வருஷமா அவன் தோள் அசையறதப் பாத்துத்தான் வாசிக்கிறேன்.”