குதிகால் தேர்வு

2025 ஏப்ரல் 15 அன்று நல்லம்பள்ளியில் ஒரு தனியார் தையல் பயிற்சி மையத்தின் கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. கம்பளிப் பின்னல் கற்றுத்தர ஒரு பயிற்றுநர் தேவை. மே 5 அன்று தேர்வு. விண்ணப்பிப்பவர்கள் கையால் பின்னிய ஒரு ஜோடி சாக்ஸ் கொண்டுவர வேண்டும்.

பத்து மணிக்கே தார் இளகும் வெயிலில் கம்பளி சாக்ஸை யார் போடுவார்கள் என்று அறிவிப்பில் இல்லை. பாடத்திட்டம் வடக்கேயிருந்து வந்தது. சாக்ஸும் அதோடு வந்துவிட்டது.

ராணியம்மாள் சிரித்தார். கணவர் தர்மன் ராணுவத்தில் இருந்தபோது பதான்கோட் குடியிருப்பில் ஸ்வெட்டர் பின்னக் கற்றவர். ஊர் திரும்பி இருபது வருடமாக வீட்டில் வகுப்பு எடுக்கிறார். மையத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டால் வீட்டு வகுப்புக்கு ஆள் வராது. விண்ணப்பித்த இன்னொருத்தி சோபனா, அவரிடமே ஊசி பிடிக்கக் கற்றவள்.

"சாக்ஸ் என்னங்க பெரிய சாக்ஸ்? ஸ்வெட்டர் கைதான். முனையில மூடிட்டாப் போச்சு."

செல்போனில் பார்த்த செய்முறை, கணுக்கால் வந்ததும் பாதிக் கண்ணிகளை ஊசியிலேயே விட்டுவிட்டு மீதியை மட்டும் பின்னச் சொன்னது. வரிசையைப் பாதியில் விட்டதற்காக இருபது வருடமாக மாணவிகளைத் திட்டிவந்தவர் ராணியம்மாள். எனவே செய்முறையைத் திருத்தினார். குதிகாலே இல்லாமல் நீளமாக ஒரு குழாய் வந்தது.

தர்மன் மாட்டிப் பார்த்தார். "ஏ ராணி, இது காலுக்கா, டார்ச் லைட்டுக்கா?"

"உங்க கால் சரியில்லீங்க."

"இந்தக் காலைப் பாத்துத்தான் பட்டாளத்துல எடுத்தான்."

மூன்று குழாய்களுக்குப் பிறகு ராணியம்மாள் சோபனா வீட்டுக்குப் போனார். கற்றுக்கொள்ள அல்ல, சோதிக்க.

"தேர்வுக்குப் போறியே, குதிகால் எப்படித் திருப்புவ? காட்டு. தப்பிருந்தா சொல்றேன்."

சோபனா பாதிக் கண்ணிகளை விட்டாள். மீதியில் முன்னும் பின்னுமாகப் போய்வந்தாள். பின்னல் கிண்ணம் போலக் குழிந்தது.

"சரியாங்க டீச்சர்?"

"வேகமாப் போற. பிரிச்சுட்டு மறுபடி போடு."

பிரித்தாள், போட்டாள்.

"இன்னொரு தடவை."

"வீடியோ எடுத்துக்கறீங்களா டீச்சர்? வூட்டுல வச்சு நிதானமா தப்பு கண்டுபிடிக்கலாம்."

ராணியம்மாள் எடுத்துக்கொண்டார். "பரவால்ல, ஓரளவுக்கு வருது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

முதல் சாக்ஸைப் பயத்தில் நூலை இறுக்கி இறுக்கிப் பின்னினார். குதிகால் வந்துவிட்டது. தர்மனை அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கவைத்துத் தெருப் பெண்களுக்குக் காட்டினார். இரண்டாவதை டிவி பார்த்துக்கொண்டே முடித்தார். கண்ணிகளின் எண்ணிக்கை அதேதான், கைதான் தளர்ந்திருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஸ்வெட்டரில் ஒரு கை நீண்டால் மடித்துவிடச் சொல்லிக்கொடுப்பவர் அவர்.

தேர்வாளர் யுவராணி சேலத்திலிருந்து ஸ்கேலோடு வந்திருந்தார். ஒன்று இருபத்தொரு சென்டிமீட்டர், மற்றது இருபத்தைந்து.

"இது ரெண்டும் ஒரே ஆளுக்காங்க?"

"அளவை விடுங்க மேடம். குதிகாலைப் பாருங்க."

"குதிகால் அருமைங்க. யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

பக்கத்தில் நின்ற சோபனா மின்விசிறியைப் பார்த்தாள்.

"எல்லாம் அனுபவந்தாங்க" என்றார் ராணியம்மாள்.

சோபனாவின் இரண்டு சாக்ஸும் ஒரே அளவு. இதில் நான்கு வரிசை, அதில் நான்கு வரிசை என்று இரண்டையும் சேர்த்தே வளர்த்திருந்தாள். டீச்சர் குதிகாலைத்தான் கேட்டார், இதைக் கேட்கவில்லை.

மே 7 அன்று சோபனா பயிற்றுநராக நியமிக்கப்பட்டாள். ராணியம்மாளுக்குப் பங்கேற்புச் சான்றிதழ் தபாலில் வந்தது.