அடுப்புச் சீட்டு

இஜாஸ் எதையும் தூக்கிப் போடமாட்டான். அவனைத் தோற்கடிக்க அது ஒன்றே போதும் என்று நினைத்திருந்தேன்.

மதுரை காஜிமார் தெருவில் இஜாஸ் வீட்டாருக்குச் சொந்தமாக, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் இருக்கிறது. அச்சில் கெட்டுப்போன பத்திரிகையை அங்கே குப்பையில் போடுவதில்லை. ஒன்றில் 786 இருக்கும், ஒன்றில் பிள்ளையார் சுழி, ஒன்றில் சிலுவை. சாமி பேர் காலில் மிதிபடக் கூடாது என்று அவன் அத்தா நாகூர் கனி எல்லாவற்றையும் சாக்கில் கட்டி மாடிக்கு ஏற்றிவிடுவார். வைகையில் தண்ணீர் வரும்போது கரைக்க வேண்டும். தண்ணீர் எங்கே வருகிறது? மாடி முழுக்கச் சாக்குகள்.

அந்தச் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் நாங்கள் சீட்டாடினோம். பணம் வைத்து ஆடும் சீட்டு இல்லை. இருவருக்கும் ஒரே மாதிரி அற்பமான கட்டு, எல்லாம் செப்புக்காசுச் சீட்டு. அதைக் கொடுத்து நடுவில் பரப்பியிருக்கும் நல்ல சீட்டுகளை வாங்கி நம் கட்டில் சேர்க்க வேண்டும். கொடுத்த செம்பும் திரும்ப நம் கட்டுக்கே வந்துவிடும். ஒவ்வொரு முறையும் கைக்கு ஐந்து சீட்டுதான் வரும். முதலில் மூன்று 'கோட்டை'ச் சீட்டு வாங்குகிறவன் ஜெயித்தான்; அது மட்டும் கட்டில் சேராது, தனியே இருக்கும். கட்டு பெருத்தால் நல்ல சீட்டு அடியில் கிடக்கும், செம்புதான் கைக்கு வரும். அதனால் நான் முதலில் 'அடுப்பு' வாங்குவேன். அது கையில் வரும்போதெல்லாம் ஒரு செம்பை எரித்துக் கட்டைவிட்டே நீக்கலாம். கட்டை மெலிய வைப்பதுதான் என் திட்டம். மாடியில் பெரும்பாலும் நான்தான் ஜெயித்தேன்.

"ஏன்டா இம்புட்டுச் செம்பையும் சுமந்துக்கிட்டுத் திரியிற?"

"கெடந்துட்டுப் போகட்டும் மாப்ள. அது என்ன உன்கிட்ட சோறா கேக்குது?"

அண்ணா நகரில் ஜுல்பிகர் என்பவர் இந்த மாதிரி ஆட்டங்களுக்கென்றே ஒரு கபே திறந்தார். வருகிறவர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். பகல் வேலை. போட்டியில் ஜெயிக்கிறவனை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

எனக்கு அந்த வேலை வேண்டும். அதற்குமுன் ஒரு கால்சென்டரில் விடிய விடிய யார் யாரோ கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனையூரில் தகரக்கூரை அறை. பகலில் அதில் நாய்கூடத் தூங்காது. ஒரு நாள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தவன் திரும்பப் போகவில்லை. பேரையூரில் என் அப்பா வீரணன் ஒரு நூல்மில்லில் சொல்லி வைத்திருந்தார். அதுவும் ராத்திரி வேலை. ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தேன். போட்டியும் அன்றைக்குத்தான்.

கடைசி ஆட்டத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்தவன் இஜாஸ்.

"சும்மாதான்டா பேர் குடுத்தேன். இம்புட்டு தூரம் வருவேன்னு யாரு கண்டா" என்று சிரித்தான்.

என் திட்டம் பிசகவில்லை. செம்பெல்லாம் எரிந்தது. ஐந்து தங்கக்காசுச் சீட்டு, ஓர் அடுப்பு, அவ்வளவுதான் என் கட்டு. ஐந்து தங்கமும் சேர்ந்து வந்தால் ஒரு கோட்டை. இரண்டு கோட்டை வாங்கிவிட்டேன். எரிக்க ஒன்றும் இல்லாத அடுப்பு இடையில் வந்து ஒரு தங்கத்தின் இடத்தை அடைத்தது. அடுப்பையே எரிக்கவும் ஆட்ட விதி இடம் கொடுக்கிறது. அடுப்பை அதிலேயே போட்டு எரித்தேன். அடுத்த முறை மூன்றாவது கோட்டையை வாங்கிவிடலாம்.

இஜாஸ் என் மிச்ச ஐந்து சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையிலிருந்த 'வதந்தி'யை எடுத்து வைத்தான்.

வதந்தி செம்புக்குக் கிடைக்கும் மலிவுச் சீட்டு. அதை இறக்கினால் எதிராளி கட்டில் 'பழி' என்ற வெற்றுச் சீட்டு ஒன்று சேரும். மாடியில் அவன் வதந்தியைத் தொட்டதே இல்லை. அடுத்தவன் மேல் பழி போடப் பிடிக்கவில்லை என்பான். அதனால்தான் அவன் வாங்கியபோதுகூட நான் பொருட்படுத்தவில்லை.

ஐந்து சீட்டுக் கட்டில் ஒரு பழி விழுந்தால் அது ஏறக்குறைய ஒவ்வொரு கையிலும் வந்து உட்காரும். நான்கு தங்கமும் ஒரு பழியும் வந்தன. அவன் மறுபடி வதந்தி வைத்தான், அடுத்து இரண்டு பழி. நடுவில் தங்கம் தீர்ந்துவிட்டது; பழியை எரிக்க அடுப்பு வேண்டும். நடுவில் மிச்சமிருந்த ஒரே அடுப்பை அவன் எப்போதோ வாங்கி, எதையும் எரிக்காமல் வைத்திருந்தான். நானும் வதந்தி வாங்கி அவனுக்குப் பழி கொடுத்தேன். அந்தப் பெரிய கட்டில் அது எந்த மூலையில் விழுந்ததென்றே தெரியவில்லை. அவன் செம்பும் தங்கமுமாகச் சேர்த்து நிதானமாக ஒரு கோட்டை வாங்கினான். பிறகு இன்னொன்று. என் கையில் பழிதான் வந்துகொண்டிருந்தது. மூன்றாவது கோட்டையை எடுத்தபோது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மாடியில ஒரு தடவைகூட இத ஆடலையேடா."

"ஆடியிருந்தா நீ அடுப்ப எரிச்சிருக்க மாட்ட."

"அச்சகம் இருக்குல்ல உனக்கு?"

"அது அத்தாவோடது, அண்ணன்மாரோடது. பொண்ணு கேட்டா, ஷைமா வீட்ல மாப்பிள்ளைக்குச் சொந்தமா என்ன வேலைன்னு கேக்குறாங்க. நான் என்னத்தச் சொல்ல?" மூன்று கோட்டையையும் கவிழ்த்து வைத்தான். "எனக்கும் வேணும்டா மாப்ள. உனக்கு மட்டுந்தான் வேணும்னு நீயா நெனச்சுக்கிட்ட."

அது உண்மை. அவனுக்கு என்ன வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஜுல்பிகர் அவனை உள்ளே கூப்பிட்டார். போவதற்குமுன் இஜாஸ் சீட்டுகளைக் கூட்டிச் சேர்த்தான். நான் எரித்தவற்றையும் ஒன்றுவிடாமல் பொறுக்கிப் பெட்டியில் வைத்தான். நான் வெளியே வந்தேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"மில்லுக்கு வாரேன்னு சொல்லிருங்கப்பா."

"நைட்டு வேலைடா. ஒத்துக்கிருவியா? பாதியில விட்டுட்டு வந்தா என் பேரு கெட்டுப்போகும்."

"வாரேன்னு சொல்லுங்க."

போனை வைத்தேன். அறையைக் காலிசெய்ய ஆனையூர் பஸ்ஸில் ஏறினேன். தூக்கிக்கொண்டு போக அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.