உள்ளே போகாத கார்டு

கடை முதலாளி லூ மூன்றாவது பெட்டியையும் பிரித்து, கணினியில் மாட்டும் கிராபிக்ஸ் கார்டை மேசைமேல் வைத்தபோது, ச்சுங்-ஹான் ஜாக்கெட்டின் உள்பையிலிருந்து ஓர் அட்டைத் துண்டை எடுத்தான். சாப்பாட்டு டப்பாவின் மூடியை நீளவாக்கில் வெட்டியது. ஓரத்தில் சோயா சாஸ் கறை இருந்தது. அதைக் கார்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். கார்டு ஒரு விரல்கடை நீண்டிருந்தது. உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கார்டைத் தள்ளி வைத்தான்.

அவன் மனைவி பெய்-லிங் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணினிக் கடைகள் நிறைந்த குவாங்ஹுவா கட்டடத்தின் மூன்றாம் தளம் முழுக்க ஈர மழைக்கோட்டுகளின் ரப்பர் வாடை அடித்தது. ஸ்கூட்டரை நிறுத்த இடம் தேடியதிலேயே ஒரு சண்டை முடிந்திருந்தது, படியேறும்போது இன்னொன்று. ஆனாலும் அவள் திரும்பிப் போகாததற்குக் காரணம் இருந்தது. கல்லூரி நாளில் நெட் கஃபேயில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் விளையாடிப் பழக்கமானவர்கள் அவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு கூடத்தில் ஒரே கணினி இயந்திரம்: விளையாட்டில் அவன் ஓட்டுவான், அவள் வரைபடம் பார்த்து வழி சொல்வாள், தோற்றால் இடம் மாறுவார்கள். நிலாப் பண்டிகை சமயத்தில் பழைய கார்டு செத்துப்போனது. அதற்குப் பிறகு ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு போன். போன வாரம் அவள்தான் பேச்சை எடுத்தாள். "புத்தாண்டு லீவுக்கு முன்னாடி புதுக் கார்டு வாங்குவோம். மறுபடி சேர்ந்து விளையாடிப் பார்ப்போம். அப்பவும் ஒத்து வரலைன்னா பிரியறதைப் பத்திப் பேசிக்கலாம்." அவன் நூடுல்ஸிலிருந்து முகத்தை எடுக்காமலே "சரி" என்றான். வாரம் முழுவதும் அந்தச் சரியைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மூணு விசிறி கார்டு எவ்வளவு சூடாகும், முதலாளி?" என்று முதலில் பிரித்து வைத்த நீளக் கார்டைக் காட்டிக் கேட்டாள்.

"சூடே ஆகாது, அழகா," என்றார் லூ, ச்சுங்-ஹானைப் பார்த்து. வருகிற ஆண்கள் எல்லோரும் அவருக்கு அழகன், பெண்கள் எல்லோரும் அழகி.

"கேட்டது நான். பதில் ஏன் இவனுக்குப் போகுது?"

"பதில் பொதுதானே, அழகி."

"எனக்கு வேண்டாம்," என்றான் ச்சுங்-ஹான். "ரெண்டு விசிறி வெச்ச குட்டை மாடல் இருக்கா?"

"குட்டையை வாங்கிட்டுப் போய் என்ன பண்ணப் போற?" என்றாள் பெய்-லிங். "அது கத்தும். பழசு கத்தினப்போ நீதானே காதுல பஞ்சு வெச்சுக்கிட்ட?"

"பஞ்சு வெச்சது கார்டுக்காக இல்ல."

லூ தலை குனிந்துகொண்டு மேசையடியில் எதையோ தேடினார். தேட அங்கே ஒன்றும் இல்லை என்பது மூவருக்கும் தெரியும்.

அவள் விடவில்லை. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியும் தாங்கும், அப்புறம் என்ன என்று கேட்டாள். அவன் குட்டைக் கார்டுகள் இருந்த அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு எல்லாம் தெரியும்ல," என்றான் கடைசியில். "அப்போ இதையும் தெரிஞ்சுக்கோ. அது உள்ள போகாது."

"எதுக்குள்ள?"

அவன் அட்டைத் துண்டைத் திருப்பிப் போட்டான்.

கூடத்து மேசைக்கடியில் இருக்கும் இயந்திரம் அவள் முழங்கால் உயரம். பக்கத்து வீட்டுப் பூனை ஒருமுறை அதற்குள் படுத்து எழுந்து போயிருக்கிறது. இந்தக் கடையில் இருக்கும் எந்தக் கார்டும் அதில் தாராளமாகப் போகும். அவன் அளந்து வெட்டிக்கொண்டு வந்திருப்பது வேறு ஒரு கணினிப் பெட்டியை. கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரிச் சின்னப் பெட்டி. ஒற்றை அறையில், கட்டில் ஓரத்தில் வைக்கிற மாதிரி.

"ரூம் எங்க பார்த்திருக்க?"

"தாவ்யுவான்ல. கம்பெனிக்குப் பக்கத்துல."

"இயந்திரம் அங்க போயாச்சா?"

"காலிப் பெட்டி மட்டும்."

"அப்போ இன்னிக்கு எதுக்கு என்னைக் கூட்டிட்டு வந்த?"

"நீதான் என்னைக் கூட்டிட்டு வந்த."

அது உண்மைதான். அறைந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. அவள் அட்டைத் துண்டை எடுத்து மூன்று விசிறிக் கார்டின் பக்கத்தில் வைத்தாள். நான்கு விரல்கடை குறைந்தது. அட்டையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"முதலாளி, பெருசு எனக்கு. தனி பில். குட்டையை இவனுக்குப் போடுங்க."

"பெருசை எதுல மாட்டுவ?" என்றான் அவன். "கூடத்து இயந்திரத்துல இருந்து நான் எல்லாத்தையும் கழட்டி எடுத்துட்டா அதுல என்ன மிச்சம் இருக்கும்?"

"கைய வெச்சுப் பாரு."

லூ இரண்டு பெட்டிகளையும் கட்டினார். வழக்கம்போல ஒவ்வொன்றின் மேலும் பச்சை நிறச் சோளப்பொரிப் பாக்கெட் ஒன்றை இலவசமாக வைத்தார். இயந்திரம் கெடாமல் அடங்கி நடக்க அதன் தலைமேல் இதை வைப்பது அங்கே ஒரு நம்பிக்கை. பச்சைதான் வேண்டும், தேதி முடிவதற்குள் மாற்ற வேண்டும், மாற்றும்வரை யாரும் தின்னக் கூடாது. வீட்டில் அதை மாற்றுவது ச்சுங்-ஹான் வேலை. இருக்கிற பாக்கெட்டின் தேதி எப்போதோ முடிந்துவிட்டது. அதை அவள் பார்த்திருந்தாள். மறந்துவிட்டான் என்று நினைத்திருந்தாள்.

பெய்-லிங் தன் பாக்கெட்டை எடுத்துப் பல்லால் கிழித்தாள்.

"அழகி, அது சாமிக்கு வெச்ச மாதிரி..." என்றார் லூ.

"அடங்கி நடந்தது போதும்," என்று ஒரு பிடி அள்ளி வாயில் போட்டாள். தேங்காய் மணத்தது. மிச்சத்தை லூவிடம் நீட்டினாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கீழே மழை வலுத்திருந்தது. இருப்பது ஒரே ஸ்கூட்டர். ச்சுங்-ஹான் குட்டைப் பெட்டியைக் கால் வைக்கும் பலகையில் வைத்து முழங்கால்களால் இறுக்கிக்கொண்டான். பெரிய பெட்டிக்கு அங்கே இடமில்லை. அவள் பின்னால் ஏறி, அதை அவன் முதுகுக்கும் தன் மார்புக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்து இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டாள். அதன் விளிம்பு அவன் முதுகெலும்பில் குத்தியது. அவன் நெளிந்தான். பாலத்தின் ஏற்றத்தில் பெட்டியின் எடை முழுவதும் அவள்மேல் சரிந்தது. அவள் கையைத் தளர்த்தவில்லை. மழைக்கோட்டின் உள்ளே, யாரும் பார்க்காத இடத்தில், அவள் விரல்களில் பொரியின் சர்க்கரை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.