பெயிண்டர் கேட்ட போர் நஷ்டஈடு

வண்டிக்காரர் பெயிண்டருக்குக் கொடுக்க வேண்டியது ஆயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். கைவண்டிக்கு இரண்டு டயரும் ஓர் அச்சும் வாங்கிய வகையில் ஏறிய கடன். டயர் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது. கடன் மட்டும் கடையில் வாங்கிய மாதிரியே புத்தம் புதுசாக இருந்தது.

பெயிண்டர் வேற்று ஆள் இல்லை, தங்கையின் புருஷன். அதனால்தான் கேட்டதும் கொடுத்தார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டபோது, "நீ வீடு மாத்தினப்ப மூணு நடை சாமான் ஏத்தினேனே மாப்ளே, அந்தக் கூலியில கழிச்சுக்கோ" என்று வண்டிக்காரர் வாயை விட்டார்.

"சொந்தத்துக்குப் போய்க் கூலியா?" என்றார் பெயிண்டர்.

"அப்ப டயர் மட்டும் யாருக்கு வாங்கினது?"

அத்தோடு பேச்சு நின்றது. பேச்சு நின்றால் போகட்டும், தங்கை அண்ணன் வீட்டுக்கு வருவதும் நின்றுபோயிற்று. வண்டிக்காரர் ஒண்டிக்கட்டை. வாரம் ஒருமுறை தையல்காரித் தங்கை வருவாள், வீட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள், திட்டிக்கொண்டே சட்டைக்குப் பட்டன் தைத்துவிட்டுப் போவாள். திட்டுவதற்கு ஆள் இல்லாத வீடு இத்தனை பெரிதாக இருக்கும் என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. சட்டை முழுக்க ஊக்கு குத்திக்கொண்டு திரிந்தார்.

மூவரும் ஒரே கூரையின் கீழ் உட்காருவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும்தான். காகிதக் கிடங்குக்கு மேலே ஓர் அறை. படிக்காமல் விட்ட பெரியவர்களுக்கு எழுத்துக் கூட்டுவதிலிருந்து எட்டாம் வகுப்புப் பரீட்சை வரைக்கும் அங்கே பாடம் நடக்கும். பெஞ்சுகள் சின்னப் பிள்ளைகளுக்கானவை, ஆகவே எல்லோருக்கும் முழங்கால் தாடையைத் தொடும். டீச்சர் போன மாதம்தான் வேலைக்கு வந்தவள். யாருக்கும் யாருக்கும் என்ன தகராறு என்று அவளுக்குத் தெரியாது.

அன்றைக்குப் பாடம், முதல் உலகப் போரில் நம் நாட்டின் பங்கு. சுவரில் உலகப் படத்தை மாட்டினாள். பெயிண்டர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஏன் டீச்சர், ஒரே கலரை இத்தனை இடத்துல அடிச்சிருக்காங்களே, டப்பா மிஞ்சிப்போச்சா?"

"அதெல்லாம் ஒரே அரசு ஆண்ட இடங்கள். நம்ம நாடும் அந்தக் கலர்தான் பாருங்க."

பாடம் மண்டையில் ஏறட்டும் என்று ஆளுக்கொரு நாட்டைக் கொடுத்தாள். முடிதிருத்துபவர் சின்ன நாடு. வாட்ச்மேன் அதற்குத் துணை நாடு. எதிரி நாடுகளுக்கு இரண்டு பேர் வேண்டும். பெஞ்சு வரிசையின் இந்தக் கோடியில் ஒருத்தரும் அந்தக் கோடியில் ஒருத்தருமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு பேரை எழுப்பிவிட்டாள். வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டது. "பெயிண்டர் ஆளுற பெரிய நாடு. அவர் ஜெயிப்பார். வண்டிக்காரர் தோற்பார்."

"தெரிஞ்ச கதைதானே" என்று வண்டிக்காரர் முனகினார்.

"தையல்காரக்கா, நீங்க நம்ம நாடு. பெயிண்டர் பின்னாடி போய் நில்லுங்க."

அவள் போய் நின்றாள். அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு சட்டையில் இருந்த ஊக்குகளை எண்ணுவதுபோல் பார்த்தாள். வண்டிக்காரர் நெஞ்சைக் கையால் மறைத்துக்கொண்டார்.

போர் தொடங்கியது. சின்ன நாட்டின் மேல் ஒரு நாடு பாய, அதற்காக இன்னொன்று பாய, "இப்ப நீங்களும் வரணும்" என்று டீச்சர் வாட்ச்மேனைக் கூப்பிட்டாள்.

"நான் எதுக்கும்மா?"

"ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

"நான் கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டதே போன மாசம்தான்!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அதற்குள் போரும் முடிந்துவிட்டது. ஜெயித்தவர்கள் தோற்றவர்களிடம் பெரிய நஷ்டஈடு கேட்டார்கள் என்றாள் டீச்சர். "பெயிண்டர், நீங்களா இருந்தா எவ்வளவு கேட்பீங்க?"

பெயிண்டர் கண்ணைக்கூட இமைக்கவில்லை. "ஆயிரத்து முந்நூத்தி நாற்பது."

"ஒரு உலகப் போருக்கு இவ்வளவுதானா?" என்றபடி டீச்சர் அதைக் கரும்பலகையில் எழுதினாள்.

"அதுல மூணு நடை வண்டிக்கூலி கழியணும்!" என்று கத்தினார் வண்டிக்காரர். "அதையும் எழுதுங்க டீச்சர்!"

டீச்சருக்கு மெல்ல விளங்கியது. சாக்பீஸைக் கீழே வைத்தாள். "இப்படிக் கறாரா வசூல் பண்ணப் போய்த்தான், வஞ்சம் வளர்ந்து அடுத்த போர் வந்ததுன்னு சொல்றவங்க உண்டு" என்றாள்.

"அதுக்கும் நான் கையெழுத்துப் போட்டிருக்கேனா?" என்றார் வாட்ச்மேன்.

யாரும் சிரிப்பதற்குள் தையல்காரி கேட்டாள். "டீச்சர், நான் இவ்வளவு நேரமா நிக்கிறேனே. நம்ம நாடு இந்தப் போர்ல ஏன் சேர்ந்துச்சு?"

"சேரலை அக்கா. சேர்த்துட்டாங்க. ஆளுறவங்க சண்டை போட்டாங்க, நம்மளை ஒரு வார்த்தை கேட்கலை. ஆள் போச்சு, தானியம் போச்சு, துணி போச்சு. முடிஞ்சதும் உங்களுக்கு நல்லது பண்றோம்னாங்க."

"பண்ணாங்களா?"

"இல்லை."

"என் கதைதான்" என்றாள் தையல்காரி. "என்னையும் யாரும் கேட்கலை. ஒரு பக்கமா நிறுத்திட்டாங்க. எனக்கு எதிர்ப்பக்கத்து ஆள் மேல கோபமே கிடையாது டீச்சர். பணம் வரட்டும், அப்புறம் உங்க அண்ணன் வீட்டுக்குப் போலாம்னு இவர் சொல்றார். அது என்னைக்கு வர்றது?"

வண்டிக்காரருக்கு டயரைத் திட்டுவதா தன்னைத் திட்டுவதா என்று தெரியவில்லை.

அவள் சாக்பீஸை எடுத்து, பெயிண்டரின் தொகைக்குக் கீழே ஒவ்வோர் எழுத்தாக உருட்டி உருட்டி எழுதினாள். வீட்டுக்காரருக்குச் சட்டை தைத்த கூலி. அண்ணனுக்குப் பட்டன் தைத்த கூலி. "கல்யாணத்துக்கு முன்னாடி இருந்து கணக்குப் போடறேன். இந்தக் கரும்பலகை பத்தாது."

"சொந்தத்துக்குப் போய்க் கூலியா?" என்று ஒரு குரல் எழுந்தது. ஒரு குரல் இல்லை, இரண்டு. பெயிண்டரும் வண்டிக்காரரும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, ஒருவரை ஒருவர் திருதிருவென்று பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாள் கழித்து இப்போதுதான் முகத்தை நேருக்கு நேர் பார்க்கிறார்கள்.

"ஆகா, ரெண்டு நாடும் ஒண்ணு சேர்ந்துடுச்சு!" என்றார் முடிதிருத்துபவர்.

வண்டிக்காரர் பிடரியைச் சொறிந்தார். "வண்டிக்கூலியை நான் விட்டேன் மாப்ளே. அந்தப் பேச்சே தப்பு. பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமா..."

"கொஞ்சம் கொஞ்சமா வாங்கி, அது முடியற வரைக்கும் இவகிட்ட யார் பேச்சு வாங்கறது?" பெயிண்டர் கரும்பலகைக்குப் போனார். டஸ்டரைத் தேடவில்லை. முழங்கையாலேயே ஆயிரத்து முந்நூற்று நாற்பதை அழுத்தித் துடைத்தார். "போ மச்சான். போர் முடிஞ்சுது. டயருக்குக் காத்து மட்டும் நீயே அடிச்சுக்கோ."

துடைத்த வேகத்தில் சட்டைக் கை தையல் விட்டு வாயைப் பிளந்தது. அதை அவர் பெண்டாட்டியிடம் நீட்டினார்.

"முதல்ல அண்ணன் சட்டை" என்றாள் அவள். "நீங்க வரிசையில நில்லுங்க."