அத்தான் தட்டிக் காட்டிய இடம்

அன்று காலை படகு கிளப்பின் ஷெட்டில் இருந்தவர்கள்: படகுகளைச் சோதித்துப் பந்தயத்துக்கு அனுமதி எழுதுகிற அதிகாரி; படகுப் பட்டறை வைத்திருக்கும் அத்தான்; அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு நின்ற அக்கா; படகுக்குச் சொந்தக்காரியான தங்கை. நடுவில், இரண்டு பழைய டயர்களின் மேல் குப்புறக் கிடந்த அவளுடைய பாய்மரப் படகு.

போன மாதம் பாறையில் உரசி மூக்கு கிழிந்த படகு அது. "இனி அதுல மண்ணைப் போட்டு ரோஜா வை," என்று அத்தான் சொன்ன அன்றே அவள் கிழிசலை ஒட்ட ஃபைபர் துணியும் ரெசின் பசையும் வாங்கிவிட்டாள். மூன்று வாரம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் கட்டைவிரல் ரேகையே அழிந்து, சொந்த செல்போனே அவளை யாரென்று கேட்டது.

நாளை பத்து மணிக்கு வருடத்தின் கடைசிப் பந்தயம். அதில் ஓடாவிட்டால் கிளப்பில் படகு நிறுத்தும் இடம் போய்விடும். அந்த இடத்துக்கு வரிசையில் முதல் ஆளாக நின்றவர் அத்தான்தான்.

"ரிப்பேர் பண்ணினதுக்குப் பட்டறைச் சீட்டு எங்க?" அதிகாரி வாயைத் திறக்கும் முன்பே அத்தான் கேட்டார்.

"இல்ல."

"சீட்டு இல்லாட்டி தட்டிப் பார்த்து எழுதலாம். விதியில இருக்கு," என்று அதிகாரி சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்தார்.

உள்ளே நன்றாக ஒட்டியிருந்தால் 'டக்' என்று கேட்கும். பிரிந்திருந்தால் 'தொப்'. அவ்வளவுதான் சோதனை. மூக்கை அங்குலம் அங்குலமாகத் தட்டினார். டக். டக். டக். அவள் கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

"சுத்தமா இருக்கேம்மா." அதிகாரி பேனாவைத் திறந்தார்.

அத்தானுக்குப் பொறுக்கவில்லை. "மேக்கப் நல்லாத்தான் இருக்கும் சார், தண்ணி பட்டா கலைஞ்சிடும். வேலைன்னா இதுதான் வேலை. ரெண்டு வருஷம் முன்னாடி நான் போட்ட ஒட்டு. கல்லு மாதிரி!" என்று படகின் பின்பக்கத்தில் உள்ளங்கையால் ஓங்கி ஒன்று போட்டார்.

தொப்.

நனைந்த தலையணையை அடித்த மாதிரி இருந்தது. அதிகாரி நாணயத்தை மறுபடி எடுத்தார். தொப், தொப், தொப். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு அதே சத்தம்.

அத்தான் குரல் உடனே குழைந்தது. "விடுங்க சார், ஒரு பந்தயம் தாங்கும். பாவம், ஆசைப்படறா. எழுதிக் குடுத்துடுங்க."

"நாளைக்கு அலை கம்மின்னுதான் சொல்றாங்க," என்று அதிகாரி அவளைப் பார்த்தார். "என்னம்மா, எழுதட்டுமா?"

ஒரே ஒரு கையெழுத்து. வாங்கிக்கொண்டால் நாளை அவள் தண்ணீரில் இருப்பாள். அத்தானின் வேலையும் யார் கண்ணிலும் படாது. அதற்கு அவருக்கு நன்றி வேறு சொல்ல வேண்டியிருக்கும்.

அவள் ஃபைபர் அறுக்கும் கை கிரைண்டரை எடுத்துப் பின்பக்கத்தில் வைத்தாள்.

"ஏய், என்ன பண்ற!"

மீதி சத்தத்தில் போயிற்று. வெள்ளைத் தூள் பறந்து அவருடைய இஸ்திரி போட்ட சட்டையில் படிந்தது. வெட்டிய துண்டை நெம்பியதும் பழுப்புத் தண்ணீர் ஒழுகியது. உள்ளே இருந்த மரம் டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி விரலோடு வந்தது.

"ஈர மரத்து மேலயே ஒட்டியிருக்கீங்க அத்தான். காயற வரைக்கும் பொறுக்க முடியலையா?"

"அன்னிக்கு மழை..."

"பட்டறைக்குள்ளயுமா பெஞ்சுது?"

அதிகாரி சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். "இப்ப என்னால எழுத முடியாதும்மா. நாளைக்கு எட்டு மணி வரைக்கும் டைம் இருக்கு."

"எட்டுக்கு வாங்க சார். எங்க வேணா தட்டிப் பாருங்க."

அதிகாரி கிளம்பியதும் அத்தான் அருகில் வந்தார். "தனியா கிழிச்சிடுவியா? பட்டறையிலேர்ந்து ரெண்டு ஆளை அனுப்பறேன். சீட்டும் தர்றேன். இதை மட்டும் வெளிய சொல்லாத."

"இதை ஒட்டினதே அந்த ரெண்டு ஆளுதானே? வேண்டாம். தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

"கொழுப்பு! ஏய், வா போகலாம்," என்று அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டே வாசலைத் தாண்டினார்.

அக்கா வாசல்வரை போய் அவருடைய பையை அவரிடமே நீட்டினாள். "சாப்பாடு ஃப்ரிட்ஜ்ல இருக்கு. சுட வச்சுக்குங்க."

"நீ?"

"எனக்கு உப்புத்தாள் தேய்க்கத் தெரியும்."

அவர் பையை வாங்கியதும் அக்கா கதவை இழுத்துச் சாத்தி, உள்பக்கம் சாவியை இரண்டு தடவை திருப்பினாள்.