கட்டத்தில் இல்லாத நோய்

சுப்பண்ணனுக்கு இருபத்தெட்டு வயதில் நீரிழிவு வந்தது. கோயமுத்தூரில் ஓர் ஆசுபத்திரியில் பதினோரு நாள் கிடந்து பிழைத்துக் கிணத்துக்கடவுக்குத் திரும்பியபோது கையில் ஒரு தகர டப்பா இருந்தது. அதில் கண்ணாடி ஊசியும் இரண்டு மருந்துப் புட்டியும். மருந்து கெடாமலிருக்கப் புட்டிகளை ஈரமணல் பானைக்குள் புதைத்து வைத்தார்கள். தினமும் காலையில் ஊசியைக் கொதிக்கவைத்து அவன் தொடையில் போடுவது மனைவி ராசாத்தாளின் வேலை. முனை மழுங்கினால் சாணைக்கல்லில் தீட்டிக்கொள்வாள்.

“ஏனம்மணி, மாட்டுக்கு லாடமா அடிக்கிற?” என்பான். தினமும் அதே கேலிதான். அவளும் தினமும் சிரிப்பாள்.

ஊருக்குத்தான் அது பிடிபடவில்லை.

“இன்னும் எத்தன நாளைக்குப்பா ஊசி?”

“இருக்கற வரைக்கும்ங்க.”

“அப்பறம் அதென்ன வைத்தியம்? வந்த சீக்கு போகோணுமல்ல?”

அவர்களுக்குத் தெரிந்த நோயெல்லாம் வரும். ஆளைக் கொல்லும், இல்லாவிட்டால் போய்விடும். கூடவே குடியிருக்கும் நோயை அவர்கள் கண்டதில்லை. ஆசுபத்திரியில் ராசாத்தாளிடமும் “தெனமும் போடு” என்றார்களே தவிர, விட்டால் என்ன ஆகும் என்று ஒருவரும் சொல்லியனுப்பவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது பங்குனியில் அவன் மார்பில் கொப்புளம் கண்டது. சின்னம்மை. ராசாத்தாள் வாசலில் வேப்பிலை சொருகினாள். தகவல் கேட்டு அவனுடைய அக்கா மயிலாத்தாள் கொடுமுடித் தீர்த்தத்தோடு வந்து இறங்கினாள். வந்ததும் கண்ணில் பட்டது தகர டப்பா.

“ஆத்தா எறங்கியிருக்கற ஒடம்புல இரும்பக் குத்துவியா புள்ள? கண்ணு போச்சுன்னா ஆரு பதில் சொல்லுவா?”

“தெனமும் போடோணும்னாங்க நங்கையா,” என்றாள் ராசாத்தாள் நாத்தனாரிடம்.

“தலைக்குத் தண்ணி ஊத்தட்டும். அஞ்சு நாளு. அப்பறம் ஒண்ணுக்கு ரெண்டாப் போடு, ஆரு வேண்டாங்கறா?”

ஐந்து நாள்தானே. ராசாத்தாளே டப்பாவை மூடி அட்டாலிப் பரணில் வைத்தாள். “தொடைக்கு லீவு உட்டாச்சு,” என்று சுப்பண்ணன் சிரித்தான்.

இரண்டாம் நாள் தாகம் எடுத்தது. செம்பு செம்பாகக் குடித்தான். இளநீர் வெட்டி மாளவில்லை. “ஆத்தா குளுமை கேக்கறா, குடு,” என்று மயிலாத்தாள் தோப்புக்கு ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் வாந்தி. நான்காம் நாள் காலையில், வெகுதூரம் ஓடிவந்தவனைப்போல மூச்சு இழுத்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. வாயில் கனிந்த பழத்தின் வாசம்.

மயிலாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “ஆத்தா ஊட்டுக்குள்ளயே நிக்கறா. வாசம் பாரு.”

ராசாத்தாள் குனிந்து முகர்ந்தாள். அந்த வாசம் அவளுக்குத் தெரியும். முதல்தடவை அவனை ஆசுபத்திரியில் கிடத்தியபோது இதேதான் அடித்தது. டாக்டர் அவன் வாயருகே முகர்ந்துவிட்டுத்தான் ஊசி எடுக்க ஓடினார்.

டப்பாவை இறக்கினாள். அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

மயிலாத்தாள் கத்தவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “என்ற பொறந்தவனுக்கு நான் கெடுதலா நெனைப்பேன்? நாளைக்குத் தண்ணி ஊத்தறோம் கண்ணு. ஒரே ஒரு நாளு. ஆத்தா கோவிச்சுக்கிட்டு உன்ற புள்ள மேல எறங்கினா?”

ஐந்து வயது மகள் மாரியாத்தாள் கதவோரம் நின்றிருந்தாள். ராசாத்தாள் அவளைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். அணைத்தது அவள்தான், வேறு யாருமில்லை.

உச்சிப்பொழுதுக்குள் சுப்பண்ணன் போய்விட்டான்.

ஊர் அவளைக் குறை சொல்லவில்லை. ஆத்தாளே கூட்டிக்கொண்டாள், கொடுத்துவைத்தவன் என்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சாவை எழுதிவைக்க மணியகாரர் அரங்கசாமியிடம் போனாள். அவர் பதிவேட்டை விரித்து, கேட்காமலே ‘அம்மை’ என்ற கட்டத்தில் குறித்தார்.

“அம்மையில்லீங்க. ஊசி போடாம உட்டுபோட்டேன். நீரிழிவுன்னு எழுதுங்க.”

அவர் ஏட்டை அவள் பக்கம் திருப்பினார். “நீயே பாரு அம்மணி. காலரா இருக்குது, பிளேக் இருக்குது, காச்சல், பேதி, பாம்புக்கடி கூட இருக்குது. நீரிழிவு எங்க இருக்குதுன்னு காட்டு, எழுதறேன்.”

விரல் வைத்துக் கடைசிவரை படித்தாள். கடைசிக் கட்டம் ‘மற்றவை’.

“இதுலயாச்சும் போடுங்க.”

“போடலாம். மற்றவைன்னா என்னன்னு தாலுக்கா ஆபீசுல கேப்பாங்க. சீக்கு வெளியூருக்கெல்லாம் தெரிஞ்சு போகும். நாளைக்கு உன்ற புள்ளைய ஆரு கட்டுவா? ஆத்தா கொண்டுபோனான்னா கௌரவம்.” மைப்பெட்டியை நகர்த்தினார். “கட்டவெரல வை.”

“எழுதத் தெரியுங்க.”

பேனாவை வாங்கி, ‘அம்மை’ என்ற கட்டத்துக்கு நேரே, ஒரு எழுத்தும் கோணாமல் தன் பெயரை எழுதினாள்.