பதவி: எழுத்தர்

அவளுக்கு இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தது. நேற்று மத்தியானம் விழா மண்டபத்தில் எழுநூறு பேர் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிய கால்கள். கழுவி முடிப்பதற்குள், மேடையில் அவள் புருஷன் ஏணியோடு சரிந்துவிட்டான் என்று கூப்பிட வந்தார்கள். விடிகிற நேரத்தில் உயிர் போனது. இப்போது பிணவறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அழுகை வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும்.

மண்டபத்து மேனேஜர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்சூரன்ஸ்லேருந்து ஆள் வர்றாரும்மா. உன் வீட்டுக்காரருக்கு என்ன வேலைன்னு கேப்பாரு. கிளார்க்குன்னு சொல்லிடு. ஆபீஸ் மாடிப்படியில வழுக்கி விழுந்தாருன்னு சொல்லு."

"அவரு லைட் கட்டுறவரு சார்."

"எனக்குத் தெரியாதா? உசரத்துல ஏறுற ஆளுன்னு எழுதினா பிரீமியம் எட்டு மடங்கு. அதான் முதலாளி எல்லாரையுமே கிளார்க்குன்னு குடுத்திருக்காரு. சமையல்காரரு கிளார்க்கு, வாட்ச்மேன் கிளார்க்கு. நீயும் கிளார்க்குதாம்மா."

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். சோப்புத்தூள் அரித்து நகக்கண் எல்லாம் வெளுத்திருந்தது.

"முப்பத்திரெண்டு கிளார்க்கு," என்றான் சுவரில் சாய்ந்து நின்ற கொழுந்தன். அண்ணனுக்கு ஏணி பிடிக்கிறவன் அவன்தான். நேற்று அந்த நேரம் பார்த்து அவனை நாற்காலி தூக்க அனுப்பிவிட்டார்கள். "எழுதப் படிக்கத் தெரிஞ்சவன் நாலு பேரு. பெரிய ஆபீஸ்தான் நடத்துறாரு."

மேனேஜர் சிரிக்கவில்லை. "உண்மையைச் சொன்னா அவங்க கைய விரிச்சிடுவாங்க. முதலாளி மேல கேஸ் போடலாம், வேணாங்கல. ரெண்டு பொம்பளைப் புள்ளைங்கள வச்சுக்கிட்டு எத்தனை வருஷம் கோர்ட்டு வாசல்ல நிப்பே?"

மிரட்டலாகச் சொல்லவில்லை. அவரும் ராத்திரி முழுக்கத் தூங்காதவர். எழுந்து டீ வாங்கப் போனார்.

கொழுந்தன் வந்து எதிரே குந்தினான். "அண்ணி, அந்த ஏணிக்கு ஒரு கால்ல ரப்பர் இல்ல. நாலு மாசமாச் சொல்லிக்கிட்டிருந்தோம்."

"தெரியும்."

"படியில விழுந்தாருன்னு எழுதிட்டா ஏணி அப்படியேதான் கெடக்கும். வெள்ளிக்கிழமை அடுத்த விசேஷம். நான்தான் ஏறணும்."

அவள் செருப்பை மாட்டினாள்.

இன்சூரன்ஸ்காரர் வயதானவர். உள்ளே போய் உடலைப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கியபடி வந்து உட்கார்ந்தார்.

"என்னம்மா வேலை பாத்தாரு?"

கொழுந்தன் வாயைத் திறந்தான்.

"கிளார்க்கு சார்," என்றாள் அவள். "ஆபீஸ் படியில வழுக்கிட்டாரு."

"விரலெல்லாம் சூட்டுத் தழும்பா இருக்கே?"

எரிகிற விளக்குகளைத் தொட்டுத் தொட்டு வாங்கிய சூடு அது. மேனேஜரின் டீ டம்ளர் வாய்க்குப் போகாமல் நின்றது.

"வீட்டுல சமையல் அவருதாங்க."

கல்யாணமான பதினாறு வருஷத்தில் அவன் ஒரு தடவைகூட அடுப்பைப் பற்றவைத்ததில்லை. இருவரும் ஒரே நேரம் ஓய்ந்து வருவார்கள். அவள் சமைப்பாள், அவன் படுத்திருப்பான். அதற்காக அவர்கள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமில்லை.

"நல்லாச் சமைப்பாரா?"

"சுமாராத்தான் சார்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். அவள் கையெழுத்துப் போட்டாள். கொழுந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வெள்ளிக்கிழமை ஏணியை நான் வந்து புடிச்சுக்கறேன்," என்றாள் அவனிடம், மெதுவாக.

"தட்டை யாரு கழுவுவா?"



இன்சூரன்ஸ்காரர் மேனேஜர் கொடுத்த பணிப்பதிவுத் தாளை வாசித்தபடியே படிவத்தை நிரப்பினார். "பதவி, எழுத்தர். சர்வீஸ், பதினாலு வருஷம். எடுக்காத வார லீவு..." கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்ன சார் இவ்வளவு?"

"சீசன் சார். பின்னாடி குடுத்துக்கலாம்னு..."

பிணவறைக் கதவு திறந்து உடலை வெளியே கொண்டுவந்தார்கள். கொழுந்தன்தான் முதலில் போய்த் தலைப்பக்கம் பிடித்தான். அவள் எழுந்து நின்றாள்.

இன்சூரன்ஸ்காரர் குனிந்து கடைசிக் கட்டத்தில் எழுதினார்: நிர்வாகம் தரவேண்டிய பாக்கி, வார விடுப்பு அறுபத்தொரு நாள்.